பிரதம விருந்தினராக ஒரு மைனர் கவுண்டிக்காரர்

நான் பார்த்துக்கொண்ட ஆங்கிலேயர் தம்முடைய கிரிக்கெட் வாழ்க்கையை ஒரு சவரத்துக்குள் சொல்லி முடித்துவிடுவார். முகத்தில் நுரை இருக்கும்போது பேசக்கூடாது என்பது என் விதி. அதனால் நான் றேசரைத் தண்ணீரில் கழுவும் இடைவெளிகளில் பருவம் பருவமாகச் சொல்லுவார். இடது கன்னம் முடியும்போது அணியில் சேர்ந்திருப்பார். மேலுதட்டுக்கு வரும்போது ஓய்வு பெற்றிருப்பார்.

இங்கிலாந்தில் கவுண்டி அணிகள் இரண்டு வகை. பெரிய கவுண்டிகளில் ஆடுவோருக்கு அதுவே தொழில். அங்கிருந்து தேசிய அணிக்குப் போகலாம், பிறகு தொலைக்காட்சியில் உட்கார்ந்து மற்றவர்களைக் குறை சொல்லலாம். மீதி மைனர் கவுண்டிகள். அவற்றில் ஆடுபவர்கள் வங்கி எழுதுவினைஞர்கள், ஆசிரியர்கள், கோழிப்பண்ணைக்காரர்கள். வருட விடுமுறையைத் துண்டு துண்டாக வெட்டி எடுத்துக்கொண்டு ஆட வருவார்கள். நம்மவர் ஒரு காப்புறுதிக் கம்பெனியில் தீ விபத்துகளை மதிப்பிட்டவர். கடை எரிந்தது என்று வருபவரிடம், அது தானாக எரிந்ததா என்று கேட்பது அவர் வேலை. கிழக்குக் கரையோரக் கவுண்டி ஒன்றுக்கு ஒன்பது கோடைகள் ஆரம்பத் துடுப்பாட்டக்காரராக ஆடினார்.

"எப்படித் தெரிவுசெய்தார்கள், சேர்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னிடம் கார் இருந்தது. மூன்று பேரையும் சாமான் பையையும் ஏற்றலாம். இன்னொருவன் என்னைவிட நன்றாக ஆடுவான். அவனிடம் சைக்கிள்தான் இருந்தது."

இதை அவர் நகைச்சுவையாகச் சொல்லவில்லை. மதிப்பீட்டாளர் அறிக்கை கொடுப்பதுபோலச் சொன்னார்.

அவர் வாழ்க்கையின் சிகரம், மைனர் கவுண்டிகளும் பெரிய கவுண்டிகளும் மோதும் ஒரு கிண்ணப் போட்டி. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எதிரணியில் இங்கிலாந்துக்கு ஆடிய வேகப்பந்து வீச்சாளர் ஒருவர் இருந்தார். முதல் பந்து நம்மவரையும் தாண்டி, விக்கெட் காப்பாளரையும் தாண்டிப் போனது. இரண்டாவது மட்டையின் விளிம்பில் பட்டு நான்கு ஓட்டங்களுக்குப் போனது. மூன்றாவது பந்து அவர் விக்கெட்டைச் சாய்த்தது.

"அந்த நான்கையும் நான் அடித்ததாகச் சொல்ல முடியாது. நான் அங்கே நின்றேன், அவ்வளவுதான். மறுநாள் பத்திரிகையில் என் இனிஷியலைப் பிழையாகப் போட்டார்கள்."

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவன். பாடசாலைப் போட்டியின் ஓட்ட விபரத்தில் ஓர் இனிஷியல் மாறினால், மறுநாள் காலை பையனின் தகப்பன் குடையோடு வந்து வாசலில் நிற்பார். ஆகவே அந்தப் பிழைக்கு மட்டும் என் துறை சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஏற்றுக்கொண்டார்.

அவர் இத்தாலியில் சிசிலித் தீவின் பலேர்மோவுக்கு வந்ததற்குக் காரணம் மனைவி. அவர் இந்த ஊர்க்காரி. இங்கிலாந்தில் இத்தாலிய மொழி கற்பித்தவர். ஓய்வுக்குப் பிறகு இருவரும் பொலித்தெயாமா நாடக அரங்குக்குப் பின்னால் உள்ள மனைவியின் தாய்வீட்டுக்கு வந்தார்கள். மனைவி இறந்தார், பிறகு இவர் குளியலறையில் விழுந்தார், மிலானில் இருக்கும் மகள் என்னை வேலைக்கு வைத்தார். நான் தினமும் காலையில் நான் குடியிருக்கும் அல்பெர்கேரியாப் பகுதியிலிருந்து நடந்து போய், அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, பத்திரிகை வாசித்துக் காட்டுவேன். இருவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம்.

எல்லாம் இவ்வளவோடு நின்றிருக்கும். மைதானப் பிரச்சினை வந்தபடியால் நிற்கவில்லை.

இந்த ஊரில் உள்ள எங்கள் தமிழ் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் ஆடுவது பிரான்காச்சோவில், கார்களுக்குப் பெயின்ற் அடிக்கும் பட்டறைகளுக்குப் பின்னால் உள்ள நகரசபை வெளியில். புல் இல்லை. துருப்பிடித்த இரண்டு கோல் கம்பங்கள் உண்டு. நடுவில் ஒரு நீளப் பாயை விரித்தால் ஆடுகளம். ஒரு கால்பந்துப் பள்ளி அதே ஞாயிற்றுக்கிழமையைக் கேட்டு விண்ணப்பித்திருந்தது. எங்கள் வருடாந்தச் சுற்றுப்போட்டி அன்று அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து, இடம் யாருக்கு என்று முடிவு செய்வார் என அறிவித்திருந்தார்கள்.

இது போனால் எங்களுக்கு வேறு இடமில்லை, வேறு நாளுமில்லை. திங்கள் முதல் சனி வரை எல்லோரும் மற்றவர்களுடைய வீடுகளிலும் சமையலறைகளிலும் இருப்பார்கள். எங்கள் வேகப்பந்து வீச்சாளர் வன்னியிலிருந்து வந்தவர். விடிவதற்கு முன் பல்லாரோ சந்தையில் மரக்கறிப் பெட்டிகள் இறக்குவார், பின்னேரம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுவார். ஞாயிற்றுக்கிழமை பந்து போட்டுவிட்டு வந்தால்தான் மனுசனோடு கதைக்கலாம் என்று அவர் மனைவி சொல்லுவார். மைதானம் போனால் அவருக்குப் போவது என்ன என்பதை வேறு யாரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

போர்கோ வெக்கியோவில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் எங்கள் கிரிக்கெட் கழகத்தின் கூட்டம் நடந்தது. தலைவர் வாரநாட்களில் ஒரு பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயில் காவலர். பதினைந்து குடும்பங்களுக்குக் கதவு திறப்பவர், ஞாயிற்றுக்கிழமை கதவு திறந்துவிடப்படுவதை எதிர்பார்ப்பார். அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதிகாரியை அசத்தும்படியாக ஒரு பிரதம விருந்தினர் வேண்டும் என்றார். நான் பார்க்கும் கிழவர் இங்கிலாந்தில் கொஞ்சம் ஆடியவர் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"என்ன ஐசே! இங்கிலாந்துக் கவுண்டிப் பிளேயரை வைச்சுக் குளிப்பாட்டிக்கொண்டு, இவ்வளவு நாளும் வாயைத் திறக்காமல் இருந்தனீரோ?"

"மைனர் கவுண்டி அண்ணை. சின்னது."

"சின்னதோ பெரிசோ, இங்கிலாந்திலைதானே கிடக்கு?"

புவியியல்படி அதை மறுக்க முடியவில்லை.

அடுத்த வாரம் தலைவர் கோட்டு அணிந்து, ஒரு சீப்பு வாழைப்பழமும் கேக்கும் கொண்டு கிழவர் வீட்டுக்கு வந்தார். சோபாவின் விளிம்பில் மட்டும் உட்கார்ந்தார். இருவரும் இத்தாலிய மொழியில் பேசினார்கள்.

"உங்களைப் போன்ற ஒரு பெரிய வீரர்..." என்று தலைவர் தொடங்கினார்.

"நான் பெரிய வீரன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்."

தலைவர் கண்களை மூடித் திறந்து, பக்தியோடு தலையசைத்தார்.

"உண்மையாகச் சொல்கிறேன்," என்றார் கிழவர். "என் சராசரி இருபதுக்குக் கீழே."

தலைவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "பாத்தீரே? எங்கட ஊர்க் கிளப்புக்கு ரண்டு மச் விளையாடினவன் எப்பிடி நெஞ்சை நிமித்திக்கொண்டு திரிவான்! இவரைப் பாரும். நிறைகுடமப்பா."

"அண்ணை, அவர் உள்ளதைத்தான் சொல்லுறார்."

"நீரும் அவரோடை இருந்து அவரைப் போலவே கதைக்கப் பழகிட்டீர்."

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் மேடைகளில் பிரதம விருந்தினரின் முதல் வசனம், இந்தப் பெரிய கௌரவத்துக்குத் தாம் தகுதியற்றவர் என்பது. அதைக் கேட்டுத்தான் அவர் தகுதியானவர் என்று சபை உறுதி செய்துகொள்ளும். எத்தனை தடவை மறுக்கிறாரோ அத்தனை உயரம். இருபது வருடம் இப்படிப்பட்ட கூட்டங்களுக்குச் செய்தி எழுதியிருக்கிறேன். மறுக்காத ஒருவரைக்கூடக் கண்டதில்லை. விளைவு, உண்மையிலேயே தகுதியற்ற ஒருவர் அதைச் சொல்ல விரும்பினால், அவருக்கென்று எங்களிடம் ஒரு வசனம்கூட மிச்சமில்லை.

கிழவர் கடைசியில் வரச் சம்மதித்தார். மைதானத்துக்கு உதவும் என்றால் சரி, ஆனால் தம்மைப் பற்றிச் சொல்வது சரியாக இருக்க வேண்டும் என்றார். அறிமுக உரையை நான் எழுதினேன். மூன்று வசனம். மைனர் கவுண்டி, ஒன்பது கோடைகள், கிண்ணப் போட்டி ஒன்றில் நான்கு ஓட்டங்கள். தொலைபேசியில் தலைவருக்கு அனுப்பினேன். திரும்பி வந்தபோது ஒரு பக்கம் இருந்தது. இங்கிலாந்து மண்ணில் ஒன்பது ஆண்டுகள் எதிரணிகளுக்குச் சிம்மசொப்பனமாக விளங்கியவர் என்று தொடங்கியது. 'மைனர்' என்ற சொல் இல்லை.

"அந்தச் சொல்லு மரியாதையில்லை ஐசே. வீட்டுக்கு வாற ஆளைக் குள்ளன் எண்டு சொல்லுறமே?"

கிண்ணப் போட்டியில் அதிரடி ஆட்டம் ஆடியதாகவும் இருந்தது. மூன்று பந்தில் நான்கு ஓட்டம்; விகிதத்தை மட்டும் பார்த்தால் அதில் பிழை காண முடியவில்லை. நான் வேலை செய்த பத்திரிகையில் இதைவிட மோசமானவற்றை அச்சுக்கு விட்டிருக்கிறோம்.

சுற்றுப்போட்டி அன்று தெற்கிலிருந்து சிரோக்கோ காற்று அடித்தது. ஆப்பிரிக்க மணலும் பிரான்காச்சோப் பெயின்ற் தூளும் கலந்து வந்தன. குத்துவிளக்கை ஏற்றுவதற்கு இரண்டு பேர் குடை பிடித்தார்கள், ஒருவர் ரொட்டித் தட்டால் மறைத்தார், ஐந்தாவது திரி ஏறும்போது முதலாவது அணைந்தது. கிழவருக்கு மாலை போட்டு, அந்த வெக்கையில் பொன்னாடையும் போர்த்தினார்கள். வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை. காலை ஒன்பதுக்குத் தொடங்க வேண்டிய ஆட்டத்தில் மத்தியானம்வரை ஒரு பந்துகூட வீசப்படவில்லை. இரு அணிகளும் கோல் கம்பத்தின் மெல்லிய நிழலில் வரிசையாக ஒடுங்கி நின்றன.

"அண்ணை, இண்டைக்கு மச் இருக்கோ, இல்லாட்டிப் பேச்சுப் போட்டியோ?" என்று வன்னிப் பந்துவீச்சாளர் என்னிடம் கேட்டார்.

"பொறும். நன்றியுரை இருக்கு."

அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். மெலிந்த மனிதர், ஹெல்மெட் ஒரு கையில், கோப்பு மறு கையில். சுற்றிப் பார்த்தார். பிள்ளைகள் ஓடின, பெண்கள் வடை சுட்டார்கள், யாரும் யாருடனும் சண்டை பிடிக்கவில்லை. அவருக்குத் திருப்தியாக இருந்ததை நான் கவனித்தேன். அந்த நேரத்தில்தான் தலைவர் ஒலிவாங்கியை எடுத்து, இத்தாலிய மொழியில், இங்கிலாந்தின் மாபெரும் சம்பியன் இன்று நம் மத்தியில் என்றார்.

அதிகாரியின் முகம் மாறியது. அந்த முகத்தை நான் குவெஸ்தூரா என்ற பொலிஸ் தலைமையகத்தில், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வரிசையில் பல தடவை கண்டிருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர், இந்த ஆள் தான் நினைத்ததைவிடச் சிக்கலானவர் என்று உணரும் முகம்.

"அப்படியானால் இது போட்டி விளையாட்டா?" என்று கேட்டார்.

"சந்தேகமே இல்லை, தொத்தோரே," என்று, அதிகாரிகளை இங்கே அழைக்கும் மரியாதைச் சொல்லையும் சேர்த்துச் சொன்னார் தலைவர்.

அதிகாரி பொறுமையாக விளக்கினார். போட்டி விளையாட்டு என்றால் மைதானத்துக்குத் தகுதிச் சான்று வேண்டும், உடை மாற்றும் அறை வேண்டும், அம்புலன்ஸ் நிற்க வேண்டும். இங்கே ஒன்றும் இல்லை. கால்பந்துப் பள்ளியிடம் எல்லாம் இருக்கிறது. ஆகவே இடம் அவர்களுக்குத்தான் போகும். ஆனால் இது வெறும் பொழுதுபோக்கு என்றால் இந்தச் சான்றுகள் தேவையில்லை. ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்களுக்கு முன்னுரிமை. அவரே இப்போது கையெழுத்துப் போடலாம்.

"பொழுதுபோக்கா?" தலைவர் பொன்னாடைக்குள் இருந்த கிழவரைக் காட்டினார். "இவரை இருத்தி வைத்துக்கொண்டா?"

கிழவர் எழுந்தார். பலேர்மோக்காரி மனைவியிடம் கற்ற இத்தாலிய மொழியில் தெளிவாகச் சொன்னார்: "தொத்தோரே, நான் சம்பியன் இல்லை. இரண்டாந்தர அணி ஒன்றில் ஆடிய சுமாரான ஆள். செம்மறிகள் மேய்ந்த வயல்களில் ஆடினோம். என்னைச் சேர்த்ததற்குக் காரணம் என் கார். இவர்கள் ஆடுவதும் அதைப் போலத்தான். பொழுதுபோக்கு."

தலைவர் சிரித்துக்கொண்டு கிழவரின் தோளில் கைவைத்தார். "பார்த்தீர்களா, எவ்வளவு தன்னடக்கம்!"

அதிகாரியும் மரியாதையாகப் புன்னகைத்தார். மாஃபியாவின் இந்த நகரத்தில் ஒரு வயதானவர் எழுந்து நின்று, தான் ஒன்றுமில்லாத ஆள் என்று சொன்னால் அதை லேசாக எடுக்கக்கூடாது என்பது அவருக்கும் பழக்கம்.

அடுத்தது சம்பிரதாயப் பந்து. பிரதம விருந்தினர் முதல் பந்தை எதிர்கொள்வார். பந்துவீச்சாளர் குழந்தைக்குப் போடுவதுபோல உருட்டுவார், விருந்தினர் தட்டுவார், களத்தில் நிற்பவர்கள் எல்லைவரை பந்துக்கு வழிவிடுவார்கள், படம் எடுக்கப்படும். கிழவர் பொன்னாடையைக் கழற்றி என்னிடம் தந்தார். மட்டையை வாங்கினார். வன்னிக்காரரை அருகில் அழைத்து இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். அவர் என்னிடம் ஓடி வந்தார்.

"அண்ணை, ஒழுங்காய்ப் போடட்டாம். என்ன செய்யிறது? கிழவனுக்கு ஏதும் நடந்தா?"

"டெனிஸ் பந்துதானே. அவர் கேக்கிறதைப் போடும்."

பாதி ஓட்டத்தில் வந்து, நேராக, நல்ல நீளத்தில் போட்டார். கிழவரின் இடது கால் மெதுவாக, ஆனால் சரியான இடத்துக்கு, முன்னே வந்தது. மட்டை பின்னால் வந்தது. அதற்கிடையில் பந்து நடுக் கம்பத்தைச் சாய்த்துவிட்டது.

நடுவராக நின்ற செயலாளர் கையை நீட்டினார்.

"நோ போல்!"

எல்லோரும் கைதட்டினார்கள். பந்துவீச்சாளரின் கால் கோட்டுக்கு ஒரு முழம் பின்னால் இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். எங்கள் கழகத்தில் பிரதம விருந்தினர் ஒருவர் ஆட்டமிழந்த வரலாறு கிடையாது.

"அது நோ போல் இல்லை," என்றார் கிழவர். மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்து வந்துவிட்டார்.

"பாத்தியளே!" தலைவர் ஒலிவாங்கியில் தமிழில் முழங்கினார். "நடுவர் அவுட் இல்லை எண்டு சொல்லியும் தானே வெளியேறுறார்! உலகத் தரமான பண்பு! வேணுமெண்டுதான் அந்தப் பந்தை விட்டவர்!"

அதிகாரி ஒன்றும் விளங்காமல் கோப்பிலிருந்து ஒரு படிவத்தை எடுத்துத் தலைவரிடம் கொடுத்தார். போட்டி விளையாட்டு, பொழுதுபோக்கு என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் அடையாளமிட்டு இந்த வாரத்துக்குள் தரவேண்டும், அதன்படி முடிவாகும் என்று சொல்லிவிட்டு ஒரு வடையைச் சாப்பிட்டுப் போனார். வடையைப் பாராட்டினார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் கழகத்தின் பாதிப்பேர் இருந்தோம். வன்னிக்காரர் மெதுவாகத் தொடங்கினார்.

"தலைவர் அண்ணை, பொழுதுபோக்கு எண்டே போடுங்கோவன். ஆருக்கு என்ன நட்டம்?"

"நீர் பொழுதுபோக்குக்கே பந்து போடுறீர்?"

"ஓம்."

"மானம் எண்டு ஒண்டு இருக்கு ஐசே. இவ்வளவு பெரிய ஆளைக் கழகத்தின்ரை காப்பாளராப் போடப்போற நேரத்திலை, பொழுதுபோக்கு எண்டு எழுதினா நாளைக்கு உலகம் என்ன கதைக்கும்?"

பஸ்ஸில் இருந்த உலகம் எதுவும் கதைக்கவில்லை. தலைவரோடு வாதாட யாருக்கும் துணிவில்லை. பாதிப் பேருக்கு வேலை பிடித்துக் கொடுத்தவர் அவர். இறங்கும்போது வன்னிக்காரர் என் காதுக்குள் சொன்னார்: "அண்ணை, அந்தாளுக்குக் கால் சரியாத்தான் வந்தது. பெட் தான் பிந்திட்டுது. சொல்லிவிடுங்கோ."

திங்கட்கிழமை சவரத்தின்போது சொன்னேன். கிழவர் நுரையோடு தலையசைத்தார். றேசரைக் கழுவத் திரும்பியபோது கேட்டார்: "நான் சொல்வதை உங்கள் தலைவர் ஏன் நம்புவதில்லை? என் வாழ்நாளில் நான் இவ்வளவு உண்மை பேசியதில்லை."

எங்கள் மேடை வழக்கத்தை அவருக்கு விளக்கினேன். கவனமாகக் கேட்டார்.

"அதாவது, மறுத்தால் நம்புவார்கள்."

"ஓம், சேர்."

"ஒருவன் தானே தன்னைப் புகழ்ந்தால்?"

"அவனை எங்களில் யாரும் நம்பமாட்டார்கள். பெரியவன் அப்படிப் பேசமாட்டான்."

மற்றக் கன்னத்தைக் காட்டினார். பிறகு தலைவரைக் கோப்பி குடிக்க வரச் சொன்னார்.

தலைவர் அன்று பின்னேரமே படிவத்தோடு வந்தார். கழகத்தின் காப்பாளராகக் கிழவரும் கையெழுத்துப் போட்டால் நல்லது என்று நினைத்திருந்தார். வழக்கம்போல விளிம்பில் உட்கார்ந்தார். கிழவர் மனைவியின் பெரிய சாய்கதிரையில் கால்மேல் கால் போட்டு இருந்தார். அப்படி அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இதுவரை நான் தேவையில்லாமல் அடக்கமாக இருந்துவிட்டேன்," என்றார். "உண்மையில் என் காலத்தில் இங்கிலாந்தில் என்னை மிஞ்சிய ஆரம்ப ஆட்டக்காரன் இல்லை."

தலைவர் புன்னகைத்தார். புன்னகையில் சிறிது தடுமாற்றம்.

"தேசிய அணியில் என்னைப் போடாததற்குப் பொறாமை மட்டும்தான் காரணம். அந்த வேகப்பந்து வீச்சாளர் இருக்கிறாரே, எனக்கு எப்படிப் பந்து போடுவது என்று கேட்க என் வீட்டுக்கே வருவார். மழை பெய்யும். நீல மழைச்சட்டை போட்டிருப்பார். இரண்டு முட்டை சாப்பிடுவார்."

தீ மதிப்பீட்டாளராக வாழ்நாள் முழுக்கப் பொய் கேட்டவர். பொய்யர்கள் எந்த இடத்தில் அளவுக்கு மீறி விபரம் சொல்லுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் காது சிவந்துவிட்டது. அதை மட்டும் அவரால் தடுக்க முடியவில்லை.

தலைவர் கோப்பிக் கோப்பையை மேசையில் வைத்தார். "உங்கள் ஆகக்கூடிய ஓட்டம் எத்தனை?"

"எண்ணுவதை நிறுத்திவிட்டேன்."

"நேற்று அந்தப் பந்து..."

"வேண்டுமென்றுதான் விட்டேன். நினைத்திருந்தால் கடலுக்குள் அடித்திருப்பேன்."

தலைவர் எழுந்தார். முன்பு தாம் கொண்டுவந்த கேக்குக்கு நன்றி சொல்லப்படவில்லை என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்ததுபோல மேசையைப் பார்த்தார். நான் வாசல்வரை போனேன். லிப்ட் பொத்தானை அழுத்தினார்.

"ஐசே, இந்தாள் ஒருநாளும் பெட் பிடிச்சிருக்க மாட்டான் போலை கிடக்கு."

"பிடிச்சவர்தான் அண்ணை. ஒன்பது வருசம்."

"நீர் சும்மா இரும். விளையாடின ஆள் இப்பிடி வாய் காட்டுமே? நல்ல காலம், காப்பாளரெண்டு எழுதேல்லை. எழுதியிருந்தா நாறியிருக்கும்."

"அப்ப படிவத்திலை என்ன போடுறது?"

"என்னத்தைப் போடுறது? பொழுதுபோக்கு எண்டுதான் போடவேணும். இந்தப் புளுகனை நம்பி அம்புலன்சுக்கு அலைய ஏலுமே?"

கிழவரின் சுவரில் வைத்தே அடையாளமிட்டார். பேனை என்னுடையது. அந்த வாரமே அனுமதி வந்தது. ஞாயிறு காலை, பொழுதுபோக்கு, மூத்தோரின் பந்துருட்டு விளையாட்டுக்கு அடுத்த வரிசையில் எங்கள் கழகம். கால்பந்துப் பள்ளிக்குச் சனிக்கிழமை கொடுத்தார்கள்.

உள்ளே திரும்பி வந்தபோது கிழவர் காலைக் கீழே போட்டு, பழைய மாதிரி இருந்தார்.

"நம்பவில்லைத்தானே?"

"இல்லை. இப்போது நீங்கள் கிரிக்கெட்டே ஆடியதில்லை என்று நம்புகிறார்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரியில்லையே," என்றார். ஆனால் திருத்தச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்மைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார். பஸ்ஸில் போனோம். மாலை இல்லை, ஒலிவாங்கி இல்லை. தலைவர் தூரத்திலிருந்து எங்களைக் கண்டு, அவசரமாக வேறொருவருடன் பேசத் தொடங்கினார். கதிரை தர யாரும் வராததால், வடை சுட்ட பெண்களிடம் நானே ஒரு பிளாஸ்டிக் கதிரை வாங்கி வந்து எல்லைக்கு வெளியே வைத்தேன். ஒன்பது மணிக்கே ஆட்டம் தொடங்கியது.

வன்னிக்காரர் பந்து போட்டார். மூன்றாவது பந்துக்கு அவர் ஓடி வந்தபோது துடுப்பாட்டக்காரர் கையைக் காட்டி நிறுத்தி, எங்கள் பக்கம் பார்த்து முறைப்பட்டார். வன்னிக்காரர் திரும்பி, கழகத்தில் எனக்கிருக்கும் பட்டப்பெயரைச் சொல்லிக் கத்தினார்:

"பேப்பர் அண்ணை! அந்தக் கிழவனை அங்காலை தள்ளி இருக்கச் சொல்லுங்கோ! பந்து தெரியேல்லையாம்!"

"என்ன சொல்கிறார்?" என்று கிழவர் கேட்டார்.

மொழிபெயர்த்தேன். 'கிழவன்' என்பதையும் விடவில்லை.

கிழவர் திரும்பிப் பார்த்தார். கதிரை பந்துவீச்சாளரின் கைக்கு நேர் பின்னால் இருந்தது. நான்தான் அங்கே வைத்தேன்.

"முற்றிலும் சரி," என்றார். எழுந்து, என்னைப் பிடிக்கவிடாமல், கதிரையைத் தாமே தூக்கிக்கொண்டு பெயின்ற் பட்டறைச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். அங்கே நிழலும் இருந்தது.